நெறஞ்சிருக்குதுங்க்கா

சமையல் கேஸ் தீர்ந்துபோனால் ஊரில் எல்லோரும் ஏஜென்சிக்குப் போன் செய்து, தீர்ந்துவிட்டது, ஒன்று அனுப்புங்கள் என்பார்கள். அவள் மட்டும், "ஏனுங்ணா, சிலிண்டர் நெறஞ்சு போச்சுங்ணா, சித்தெ வெசயா அனுப்பி வுடுங்ணா" என்றாள். போனை எடுத்தவர் இந்தப் பக்கத்து ஆள் இல்லை போலிருக்கிறது. "நெறஞ்சிருந்தா அப்புறம் எதுக்கும்மா போன் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவளும் மறுபடி கூப்பிடவில்லை. வீட்டுக்குப் பின்னால் மூன்று செங்கல்லைக் கூட்டி வைத்து, சாக்கில் சேர்த்திருந்த தேங்காய்த் தொட்டியைப் போட்டு எரித்து, இரண்டு நாள் அதிலேயே சோறாக்கினாள். புகை என் வீட்டுக்குள் வந்து கண் எரிந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் போன் செய்து, நாட்டில் எல்லோரும் பேசுகிற தமிழில் சொல்லி, சிலிண்டரை வரவழைத்தேன். அப்புறம் ஒரு வாரம் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் படிப்பது அவளுக்குப் பிடிக்காது. நான் அவளை அம்மணி என்றுதான் கூப்பிட்டேன். இங்கே நம்மைவிடச் சின்னவளாக இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவோம்.

போத்தனூரில், ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் ஒரு லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு, ஆறு வீட்டுக்கும் ஒரு குழாய். நான்காவது எங்களுடையது, ஐந்தாவது அவளுடையது. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் நான் என் மகனைத் திட்டினால் அந்தப் பக்கம் அவள் பெண் பயந்து பாடப் புத்தகத்தை எடுத்துவிடும். அவளுக்கு அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். எனக்கு முப்பத்து மூன்று. அவள் பெண்ணுக்கு ஐந்து வயது, பையன் தவழ்ந்துகொண்டிருந்தான். அவளுடைய வீட்டுக்காரர் லாரி டிரைவர். பொள்ளாச்சியில் தேங்காய் நார் ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினால் திரும்பி வரப் பதினைந்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும்.

நான் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கார்டில் நாற்பது பேரிங் என்று எழுதியிருந்தால் பெட்டியைத் திறந்து நாற்பதையும் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். சூப்பர்வைசரே சொன்னாலும் சரி. கம்பெனியில் என்னை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் சரக்கு குறைந்ததாக என் மேல் ஒரு புகார் வந்ததில்லை.

அரிசியும் உப்பும் வீட்டில் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது, நிறைந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும் என்பது ஒன்றும் புதிய விஷயமில்லை. என் அம்மாவும் சொல்வாள், உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். நாங்களெல்லாம் அரிசி, உப்பு, மஞ்சள் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்வோம். அதுவும் வெள்ளிக்கிழமையாக இருந்தால்தான் ஞாபகம் வரும். அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. அவள் வீட்டில் தீப்பெட்டி நிறைந்துபோகும், பல் விளக்குகிற பேஸ்ட் நிறைந்துபோகும். புருஷனிடம் பேசிக்கொண்டே இருப்பாள், "போன்ல சார்ஜ் நெறஞ்சு போச்சுங்க, பொறகு கூப்புடறேன்" என்பாள். ஒரு நாள் பையன் காலையிலிருந்து விடாமல் அழுதிருக்கிறான். சாயங்காலம் பொழுதோடு குழாயடியில் என்னைப் பார்த்து, "ஏனுங்க்கா, இன்னிக்கு என்ற பொறுமையே நெறஞ்சு போச்சுங்க்கா" என்றாள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

யாராவது வந்து கேட்டால், இல்லை என்று அனுப்பவும் அவளால் முடியாது. ஆறாவது வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த மூன்று பையன்கள் இருந்தார்கள், இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை. இரண்டு வெங்காயம் கேட்டு வந்து நிற்பார்கள், நான்கு கொடுத்து அனுப்புவாள். முதல் வீட்டுக்காரி வாங்கிப்போன எண்ணெய் எதுவும் திரும்பி வந்ததாக எனக்குத் தெரியவில்லை. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இல்லைன்னு சொல்லிப் பழகு அம்மணி" என்பேன். "நெனைக்கறேனுங்க்கா, வாய் வர மாட்டேங்குது" என்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் அந்தக் கிடங்கு இருந்தது. கட்டிலின் நான்கு காலுக்கும் இரண்டிரண்டு செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தாள். கட்டிலுக்கடியில் பேக்கரியிலிருந்து வாங்கி வந்த சதுர டின்கள் வரிசையாக இருக்கும். டின்களுக்குப் பின்னால், கழுவி வெயிலில் காயவைத்த கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் ராகி, கொள்ளு, துவரை. புளிக்கும் கல்லுப்புக்கும் தனி ஜாடி. முதல் முறை பார்த்தபோது எனக்கு எங்கள் ஸ்டோர்ஸுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. அவளுடைய வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்தால், "ஏனுங்க்கா, இது ஊடுங்களா, மண்டிங்களா? ஆப்பீசர் வந்து புடிச்சிட்டுப் போகப் போறானுங்க" என்று என்னிடம் முறையிடுவார்.

ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"எதுக்கு அம்மணி இத்தனை? சண்டை ஏதாவது வரப்போகுதா?"

அவள் முறத்தில் கொள்ளைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள். "இவ வயித்துல இருக்கறப்ப எட்டாம் மாசமுங்க்கா. அவரு வண்டில போயிட்டாரு. நாலு நாளா அடைமழ. எனக்குக் காலு ரெண்டும் வீங்கி நடக்க முடியல. ஊட்டுல ஒரு படி பொரிதான் கெடந்துச்சு. ரெண்டு நாள் அதத் தின்னுபோட்டுப் படுத்துக் கெடந்தேன்."

"பக்கத்து வீட்டில கேட்கறதுதானே?"

"என்னன்னுங்க்கா கேக்கறது?"

வீம்புக்குச் சொல்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். கேட்க வேண்டுமென்றால் முதலில் இல்லை என்று சொல்லியாக வேண்டும், அது அவளுக்கு வராது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவளுக்குக் கேட்பதற்கு ஆளும் கிடையாது. சொந்த ஊர் ஆனைமலை. வீட்டில் வேண்டாம் என்ற ஆளைக் கட்டிக்கொண்டு வந்தவள். இரண்டு வீட்டிலும் தலைமுழுகிவிட்டார்கள். சொந்தம், ஒறம்பரை என்று ஒரு ஆள் அவள் வாசற்படி ஏறி நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டுகூடத் தனியாகக் கிடையாது. அவள் பெயர் அப்பன் வீட்டுக் கார்டிலேயே இருந்தது. பெயரை எடுத்துக் கொடுங்கள் என்று போய் நிற்க வேண்டும். போகமாட்டாள். "எனக்கும் சேத்தித்தான் அங்க அரிசி வாங்கறாங்களாமுங்க்கா. வாங்கட்டும். பேராச்சும் அந்த ஊட்டுல இருக்குதல்லோ" என்பாள். கார்டு இல்லாத வீட்டுக்குக் கட்டிலடிதான் ரேஷன் கடை என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். நான்கு பேர், ஒரு மாதம், யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட வேண்டும். அதுதான் அவள் திட்டம்.

ஒரேயடியாக வாங்கிக் குவிக்கவில்லை. கடையில் இரண்டு கிலோ வாங்கினால் ஒரு கிலோ அடுப்பங்கரைக்கு, ஒரு கிலோ கட்டிலுக்கு அடியில். முதலில் சேர்த்த அரிசி வீணாய்ப் போனது. பாட்டிலைக் கழுவிச் சரியாகக் காயவைக்காமல் போட்டு மூடியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் கட்டி கட்டியாக வந்தது, நாற்றம் குழாயடி வரைக்கும் அடித்தது. அடுத்த முறை ஈரம் இல்லை, வண்டு வந்தது. மொட்டை மாடியில் பழைய சேலையை விரித்து அரிசியைக் கொட்டி, வண்டெல்லாம் வெயில் தாங்காமல் ஓடுகிறவரை பக்கத்திலேயே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் வேப்பிலையைக் காயவைத்துப் போட்டாள். கூடவே வசம்பும் போட்டாள். வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது என்பார்கள், கடையிலும் பேர் சொல்லாதது என்றுதான் கேட்க வேண்டும். இல்லை என்றே சொல்லாதவளுக்கு இது எந்த மூலைக்கு? வண்டு மேல் இருந்த கோபத்தில் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டாள். அந்த மாதம் முழுக்க அவள் வீட்டுச் சோறு பச்சைப்பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற மருந்து வாசனை அடித்தது. மூன்றாவது முறைதான் பக்குவம் பிடிபட்டது: டின்னுக்கு ஒரு துண்டு, அதுவும் துணியில் முடிந்து அடியில்.

முன்னால் வந்த சரக்கு முன்னால் போக வேண்டும், பழையதைப் பின்னால் தள்ளிவிட்டுப் புதியதை எடுத்துச் செலவு செய்யக் கூடாது என்று எங்கள் ஸ்டோர்ஸில் புதிதாக வருகிறவர்களுக்குத் தொண்டை வறளச் சொல்வோம். பத்து வருடம் வேலை பார்த்தவர்களே தப்பு செய்வார்கள். அவள் யாரும் சொல்லாமலே செய்தாள். டின்னில் சாக்பீஸால் மாதத்தை எழுதி, ஆடி முன்னால், ஆவணி அதற்குப் பின்னால் என்று வைத்திருந்தாள்.

அதைவிட ஒரு காரியம் செய்தாள். வருடத்துக்கு ஒரு முறை, புருஷன் ஊரில் இல்லாத ஒரு வாரம், கடைக்கே போகமாட்டாள். கட்டிலடியில் இருப்பதை மட்டும் வைத்துச் சமைத்துப் பார்ப்பாள், எது குறைகிறது என்று தெரிய. முதல் வருடம் எல்லாம் இருந்தது. எண்ணெய், மிளகாய், பையனுக்குப் பால் பவுடர், குடிக்கச் சிறுவாணித் தண்ணீர் இரண்டு டிரம், எல்லாம். மூன்றாம் நாள் பெண் பேக்கரி பன் வேண்டும் என்று அழ ஆரம்பித்தது. அழுகை சுவரைத் தாண்டி வந்தது. நான் பன் வாங்கிக்கொண்டு போனேன், வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் கட்டிலடியில் ஒரு டின் பேக்கரி வர்க்கி சேர்ந்தது. "ஆவத்து வந்தாலும் புள்ளைகளுக்குத் தித்திப்பு வேணுமுங்க்கா. அது தெரியாம போச்சு எனக்கு" என்றாள்.

அப்புறம் ஊரடங்கு வந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் நாக்பூரைத் தாண்டி எங்கேயோ ஒரு டாபாவில் லாரியோடு மாட்டிக்கொண்டார். என் கம்பெனியை மூடினார்கள், என் கணவர் வேலை பார்த்த கிரைண்டர் பட்டறையையும் மூடினார்கள். எங்கள் ரேஷன் கார்டு பொள்ளாச்சியில் மாமியார் வீட்டு முகவரியில் இருந்தது. முதல் சில நாள் காலையில் கடை திறந்தது, ஓடிப் போய் வாங்கினோம். பிறகு எங்கள் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் உறுதியாகி, தெருவின் இரண்டு முனையையும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். யாரும் வெளியே போகக் கூடாது. பாலும் காய்கறியும் வண்டியில் வந்தன. அரிசி வரவில்லை. லைன் வீட்டில் எல்லோரும் அன்றாடம் வாங்கிச் சமைக்கிறவர்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கம்பெனி சரக்கைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட எனக்கு, என் வீட்டில் எட்டு நாள் அரிசிதான் இருக்கிறது என்பது தகரத்தை அடித்த பிறகே தெரிந்தது.

கட்டிலடியைப் பற்றி லைனில் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஒடிசாப் பையன்கள் வந்தார்கள். வெளியூரில் கிடக்கிறார்கள், பாவம், நானே போய்க் கேட்கச் சொன்னேன். அப்புறம் முதல் வீடு, அப்புறம் மூன்றாவது வீடு. ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அந்தப் பக்கம் டின்னை இழுக்கிற சத்தம் கேட்கும், மூடி திறக்கிற சத்தம் கேட்கும், படியால் மொள்ளுகிற சத்தம் கேட்கும். நான் படுத்துக்கொண்டே, இவள் உருப்படமாட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்பதாம் நாள் நானே போய் நின்றேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவள் என் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். டின்னை இழுத்து, நான்கு படி கூம்பாக அளந்து என் பாத்திரத்தில் போட்டாள். 

"உனக்கு இருக்குதா அம்மணி?"

"நெறஞ்சிருக்குதுங்க்கா. நீங்க கொண்டு போங்க."

அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். டின்கள் எப்போதும்போல வரிசையாக, மூடியோடு, சாக்பீஸ் எழுத்தோடு இருந்தன. நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தகரத்துக்கு அந்தப் பக்கம் சில இளைஞர்கள் வந்தார்கள். தெருவில் யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் சாமான் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். எழுதுவது யார்? ஸ்டோர்ஸ்காரி இருக்கிறாளே என்று எல்லோரும் என்னைக் காட்டினார்கள். எனக்கும் பெருமைதான். நோட்டை எடுத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு, ஆறு வீட்டு வாசலிலும் நின்று எழுதினேன். அவள் வாசலில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பெண் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அரிசி, அம்மணி?"

"நெறஞ்சிருக்குதுங்க்கா."

"பருப்பு?"

"அதுவும் நெறஞ்சிருக்குதுங்க்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் ஐந்தாம் வீட்டுக்கு நேராகத் தேவையில்லை என்று எழுதிக் கோடு போட்டேன். எனக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். மேலும், இவளுக்கு என்ன குறை, கட்டிலடியில் ஒரு மண்டியே வைத்திருக்கிறாள் என்று மனதுக்குள் ஒரு நினைப்பு.

இரண்டு நாளில் சாமான் வந்தது. அவள் வீடு தவிர ஐந்து வீட்டுக்கும் அரிசிப் பை, பருப்பு, எண்ணெய். கொண்டுவந்த இளைஞர்கள் பையைத் தோளில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே பார்த்தாள்.

அதற்கு இரண்டாம் நாள் மத்தியானம் என் மகன் நடையில் உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பெண் வாசலுக்கு வெளியே வந்து நின்றது. தட்டையே பார்த்தது.

"உள்ள வா கண்ணு. சாப்பிடறயா?"

"அம்மா ஆரூட்டுக்குள்ளயும் போகக் கூடாதுன்னு சொன்னாங்க பெரிம்மா."

"உங்க வீட்டில இன்னிக்கு என்ன?"

"களிங்க பெரிம்மா."

"நேத்து?"

"களி."

"ஏன், சோறாக்கலையா?"

"அரிசி நெறஞ்சு ஆறு நாளாச்சுங்க பெரிம்மா."

பள்ளிக்கூடம் மூடி எத்தனை நாளாச்சு என்று கேட்டால் சொல்லுமே, அந்த மாதிரி சொன்னது. குழந்தைக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதே தெரியாது. அவள் வீட்டில் நிறைந்தது என்றால் முடிந்தது. அது ஒன்றுதான் அர்த்தம். நான் ஆறு நாளைப் பின்னால் எண்ணினேன். ஆறாம் நாள் நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலில் நின்ற நாள். என் மகன் தட்டில் இருந்தது அவள் டின்னில் இருந்த கடைசி அரிசி. மகனைச் சாப்பிடாதே என்றும் சொல்ல முடியவில்லை, சாப்பிடு என்றும் சொல்ல முடியவில்லை.

அவள் வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள். ஒவ்வொரு டின்னாக இழுத்து மூடியைத் திறந்தேன். மார்கழி காலி. தை காலி. மாசியில் நாலு வேப்பிலையும் துணியில் முடிந்த வசம்பும் கிடந்தன. துவரைப் பாட்டில், கொள்ளுப் பாட்டில் எல்லாம் காலி. ஒரு பாட்டிலில் கால் பங்கு ராகி. வர்க்கி டின்னில் மூன்று வர்க்கி. காலி டின்னைக்கூடச் சாக்பீஸ் எழுத்து தெரிகிற மாதிரி வெளிப்பக்கம் திருப்பித்தான் வைத்திருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உனக்கு? நோட்டை எடுத்துக்கிட்டு வாசலிலேயே வந்து நின்னேனே!"

"சொன்னேனுங்களேக்கா."

"என்ன சொன்னே?"

"நெறஞ்சிருக்குதுன்னு சொன்னேனுங்களே." அவள் குரலில் குறை எதுவும் இல்லை. எனக்கு எங்கே விளங்காமல் போனது என்று உண்மையாகவே தேடுகிற குரல். "கேஸ்காரருக்குத்தான் வெளங்காது. உங்களுக்கு வெளங்கும்னு நெனச்சுப்போட்டேனுங்க்கா."

அவள் சரியான தமிழில்தான் சொல்லியிருக்கிறாள். கேஸ்காரர் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த எனக்குத்தான் விளங்கவில்லை. நிறைந்து போச்சு என்று சொல்லியிருந்தால் அப்போதே புரிந்திருக்குமே, நிறைந்திருக்கிறது என்றதால்தானே ஏமாந்தேன் என்று அன்றிரவு எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். குனிந்து ஒரு மூடியைத் திறந்திருந்தால் போதும். பம்ப் கம்பெனி பேரிங்குக்குக் காட்டிய அக்கறையை நான் அங்கே காட்டவில்லை.

எனக்கு வந்த பையிலிருந்து பாதி அரிசியைக் கொண்டுபோனேன். வாங்கமாட்டேன் என்றுவிட்டாள். கொடுத்த அரிசியைத் திருப்பி வாங்கினால் வீட்டுக்கு ஆகாதாம். நான் கத்தினேன், என் கணவர் வந்து சமாதானம் சொன்னார், பையன் அழுதான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்த அரிசியை என் வீட்டிலேயே உலையில் போட்டு, சோறாக வடித்து, குண்டாவோடு தூக்கிக்கொண்டு போனேன். சோற்றுக்கு அந்தச் சாத்திரம் கிடையாதுபோல, வாங்கிக்கொண்டாள். பெண் வெறும் சோற்றை இரண்டு வாய் அள்ளித் தின்ற பிறகுதான் ரசம் எங்கே என்று கேட்டது. அவளுடைய வீட்டுக்காரர் வந்து சேர்கிறவரை இருபத்து மூன்று நாள், ஒரே அடுப்பில் இரண்டு வீட்டுக்கும் சோறு. அந்த இளைஞர்களுக்கு நானே போன் செய்தேன். ஐந்தாம் வீட்டில் அரிசி இல்லை, பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை, எதுவுமே இல்லை என்று, அவள் சொல்லாத இல்லைகளையெல்லாம் சேர்த்துச் சுவர் அதிரச் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பாள்.

இப்போது என் கட்டிலும் செங்கல் மேல்தான் நிற்கிறது. ஆறு டின், பாட்டில் வரிசை தனி. மகன் வளர்ந்துவிட்டான், இது ஊடா மண்டியா என்று அவனும் கேட்கிறான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா மூடியையும் திறந்து, கையை விட்டுப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் யாராவது நெறஞ்சிருக்குது என்று சொன்னால், ஏதாவது சாக்கு வைத்து அடுப்பங்கரை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இங்கிதம் தெரியாதவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன். போகட்டும்.

ஊரடங்குக்கு அடுத்த வருடம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு நார் மில்லில் அவருக்கு உள்ளூரிலேயே வண்டி ஓட்டுகிற வேலை, வீடும் கொடுத்தார்களாம். கொஞ்ச நாள் போனில் பேசினோம், பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. கிளம்புகிற அன்று டின்களெல்லாம் குட்டியானை வண்டியில் ஏறிய பிறகு, ஒரு டின்னை மட்டும் இழுத்துக்கொண்டு வந்து என் வாசற்படிக்கு அருகில் வைத்தாள். சித்திரை என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

"என்ன அம்மணி இது? காலி டின்னா?"

"நெறஞ்சிருக்குதுங்க்கா" என்றாள்.

அங்கேயே, அவள் முன்னாலேயே, உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். அவள் புருஷன் வண்டியிலிருந்து ஹாரன் அடித்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை உள்ளே விட்டேன். முழங்கைவரை அரிசி இருந்தது. அடியில் வசம்பு முடிச்சு விரலில் தட்டியது.